கடலுக்குப் போக எந்த மாதம் நல்ல மாதம்?

நீங்கள் பூச்சோங்கில் வசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி விடுமுறை நெருங்குகிறது. அப்பாவுக்கு மூன்று நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. "பெர்ஹெந்தியான் தீவுக்குப் போகலாம்" என்கிறார் அண்ணன். "லங்காவிக்கு விமான டிக்கெட் மலிவாக இருக்கிறது" என்கிறார் அக்கா. "எதற்கு அவ்வளவு தூரம்? போர்ட்டிக்சனே போதும்" என்கிறார் அம்மா. தங்கும் விடுதிக்கும் படகுக்கும் முன்பணம் கட்ட வேண்டும். கட்டிய பணம் திரும்ப வராது.

இந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடியும்: "நம் நாட்டு மழையை யார் சொல்ல முடியும்? போய்ப் பார்ப்போம்." இது பாதி உண்மைதான். அடுத்த மாதம் 12ஆம் தேதி பிற்பகலில் மழை பெய்யுமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மாதம் எந்தக் கரையில் மழை அதிகம், எந்தக் கரையில் அலை உயரம் என்பதை இன்றே சொல்லலாம். முதல் கேள்விக்குப் பதில் இல்லை என்பதற்காக இரண்டாவது கேள்வியையும் கைவிடுவதால்தான் பலருடைய பயணம் வீணாகிறது. சில நேரங்களில் உயிருக்கே ஆபத்தாகவும் முடிகிறது.

இந்த வாரம் அந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்ப்போம்.

வானிலை வேறு, காலநிலை வேறு

இன்று மாலை நான்கு மணிக்குப் பண்டார் புத்திரியில் கொட்டும் மழை. அதே நேரத்தில் பண்டார் கின்ராராவில் வெயில். இது வானிலை. ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் காற்றும் மேகமும் வெப்பமும் எப்படி இருக்கின்றன என்பதைக் குறிக்கும் சொல் அது.

அதே இடத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, சராசரி எடுத்தால் கிடைப்பது காலநிலை. உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டு அளவீடுகளைப் பயன்படுத்துகிறது. ஒரு மாணவர் ஒரு தேர்வில் எத்தனை புள்ளி எடுப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து ஆண்டுகளின் தேர்ச்சி அறிக்கையைப் பார்த்தால் அவர் எந்தப் பாடத்தில் வலுவானவர் என்று சொல்லிவிடலாம். காலநிலை அந்தத் தேர்ச்சி அறிக்கையைப் போன்றது.

பயணம் திட்டமிடுவதற்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். இதை மூன்று படிகளாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தைக் காலநிலை சொல்லும். நாளை முன்னறிவிப்பு சொல்லும். மணியை வானம் சொல்லும். ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் கேட்க வேண்டும்.

ஒரே நாடு, இரண்டு நாட்காட்டி

தீபகற்ப மலேசியாவில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. நமக்குப் பருவத்தைக் கொண்டுவருவது காற்று. 'முசிம்' என்ற மலாய்ச் சொல்லும், ஆங்கிலத்தில் பருவக்காற்றைக் குறிக்கும் 'மான்சூன்' என்ற சொல்லும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. 'குறித்த காலம்' என்பது அதன் பொருள். பாய்மரக் கப்பல் காலத்தில் வணிகர்களுக்கு இந்தக் காற்றுதான் நாட்காட்டி. மலாக்கா துறைமுகத்துக்குச் சீனக் கப்பல்கள் வடகிழக்குக் காற்றோடு வந்தன. இந்தியாவிலிருந்து வந்த கப்பல்கள் வடகிழக்குக் காற்று வீசத் தொடங்கிய பிறகே ஊர் திரும்பின.

இன்றும் நம் ஆண்டு நான்கு பகுதிகளாகவே பிரிகிறது:

• நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று.
• ஏப்ரல், மே மாதங்களில் முதல் பருவமாற்றக் காலம்.
• மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று.
• அக்டோபரை ஒட்டி இரண்டாவது பருவமாற்றக் காலம்.

இந்த நான்கு பகுதிகளும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. ஆனால் ஒரே காற்று கிழக்குக் கரையில் ஒரு விதமாகவும் மேற்குக் கரையில் வேறு விதமாகவும் வேலை செய்கிறது.

கிழக்குக் கரை: நனைந்து வரும் காற்று

டிசம்பர், ஜனவரியில் சைபீரியாவும் மங்கோலியாவும் உறைந்து கிடக்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. அங்கே காற்றழுத்தம் உயர்கிறது. அந்தக் காற்று அவ்வப்போது அணை உடைந்தது போலத் தெற்கே பாய்கிறது. அது கடக்க வேண்டிய வழியில் தென்சீனக் கடல் இருக்கிறது. வறண்டு புறப்பட்ட காற்று, வெதுவெதுப்பான அந்தக் கடலின் மேல் பல நூறு கிலோமீட்டர் வரும்போது நீராவியை அள்ளிக்கொள்கிறது.

கிளந்தான், திரெங்கானு, பகாங், கிழக்கு ஜொகூர் ஆகிய கரைகளைத் தொட்டதும் உராய்வால் அதன் வேகம் குறைகிறது. பின்னால் வரும் காற்று முன்னால் இருப்பதை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்றுக்கு மேலே எழுவதைத் தவிர வேறு வழியில்லை. உள்நாட்டு மலைச்சரிவுகள் அதை மேலும் தூக்குகின்றன. மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது, நீராவி நீராகிறது, மழை நாள் கணக்கில் நிற்காமல் கொட்டுகிறது. கிழக்குக் கரை மக்கள் இந்தக் காலத்தை 'முசிம் தெங்குஜு' என்கிறார்கள்.

கோத்தா பாருவில் நவம்பர் மாதத்தின் சராசரி மழை சுமார் 600 மில்லிமீட்டர். அதே ஊரில் பிப்ரவரியில் 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. 600 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். உங்கள் வீட்டுக் கூரை 100 சதுர மீட்டர் என்றால், ஒரே மாதத்தில் அதன் மேல் 60,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது!

தமிழ்நாட்டுக்கும் இதே காலத்தில்தான் வடகிழக்குப் பருவமழை. அங்கே வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் காற்று சென்னை, கடலூர், நாகப்பட்டினம் கரைகளை நனைக்கிறது. கிழக்கே கடலைப் பார்த்திருக்கும் கரை, வடகிழக்குக் காற்றில் நனையும். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் இரண்டு நாடுகளின் மழைக்காலமும் புரிந்துவிடும்.

மேற்குக் கரை: இரண்டு மதில்கள்

நம் பக்கம் ஏன் இப்படி நடப்பதில்லை? நடுவே தித்திவங்சா மலைத்தொடர் மதில்போல நிற்கிறது. தாய்லாந்து எல்லையிலிருந்து நெகிரி செம்பிலான் வரை சுமார் 480 கிலோமீட்டர் நீளம். அதன் உயரமான சிகரமான கோர்பு மலை 2,183 மீட்டர். வடகிழக்குக் காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் கிழக்கே இறக்கிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறது. மலையின் மறுபுறம் இப்படி வறண்டிருப்பதை மழை மறைவு என்பார்கள்.

ஜூன், ஜூலையில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. அப்போது நம் மேற்குக் கரை நனைய வேண்டுமே? இங்கே இரண்டாவது மதில் குறுக்கிடுகிறது. மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ரா தீவின் நீளம் முழுவதும் பாரிசான் மலைத்தொடர் ஓடுகிறது. அதிலுள்ள கெரிஞ்சி எரிமலையின் உயரம் 3,805 மீட்டர். இந்தியப் பெருங்கடலின் ஈரத்தை அது முதலில் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜூன், ஜூலை மாதங்கள் ஒப்பீட்டளவில் மழை குறைந்தவை.

அப்படியானால் நமக்கு மழை அதிகம் எப்போது? பெரிய காற்றுகள் இரண்டும் ஓய்ந்திருக்கும் பருவமாற்றக் காலங்களையும், அவற்றை ஒட்டிய நாள்களையும் கவனியுங்கள். மார்ச் இறுதி முதல் மே வரை ஒரு சுற்று, அக்டோபர், நவம்பரில் மறு சுற்று. கோலாலம்பூரில் ஏப்ரலிலும் நவம்பரிலும் பெய்யும் சராசரி மழை, ஜூன் மாத மழையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு.

வடக்கே போனால் கதை இன்னும் தெளிவு. லங்காவியில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் மிக வறண்டவை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மழை அதிகம். கிழக்குக் கரை வெள்ளத்தில் தத்தளிக்கும் வேளையில் லங்காவியில் வெயில் அடிக்கலாம். அண்ணனும் அக்காவும் ஒரே விடுமுறைக்குத் தேர்ந்தெடுத்த இரண்டு தீவுகளுக்கும் ஒரே மாதம் பொருந்தாது என்பது இப்போது தெரிகிறதா?

மழை குறைந்தால் மட்டும் போதுமா?

கோத்தா பாருவில் பிப்ரவரி மழை குறைவு என்றோம். "அப்படியானால் பிப்ரவரியில் பெர்ஹெந்தியான் போகலாமே!" என்று நீங்கள் துள்ளக்கூடும். அவசரப்படாதீர்கள். தீவுக்குப் போவது கடல் வழியாக. கடலை ஆட்டுவது காற்று.

அலையின் உயரத்தை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம். வடகிழக்குக் காற்றுக்குத் தென்சீனக் கடல் முழுவதும் திறந்த மைதானம். மலாக்கா நீரிணையோ குறுகியது. அதன் தெற்குப் பகுதியின் அகலம் சுமார் 65 கிலோமீட்டர்தான். எனவே ஒரே வேகத்தில் வீசும் காற்றும் நீரிணையில் அவ்வளவு பெரிய அலையை எழுப்ப முடியாது.

இங்கே ஓர் இயற்பியல் விதி: அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 1 மீட்டர் அலையை விட 3.5 மீட்டர் அலை மூன்றரை மடங்கு வலிமையானது அல்ல, 3.5 × 3.5, அதாவது ஏறத்தாழ 12 மடங்கு. சிறு படகு கவிழ்வது இந்த வர்க்கத்தால்தான். மழை ஓய்ந்த பிறகும் வடகிழக்குக் காற்று மார்ச் வரை நீடிக்கலாம். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மூடப்படுவதற்கு மழையைவிடக் கடல் கொந்தளிப்பே பெரிய காரணம்.

நாளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாதம் முடிவாகிவிட்டது. அடுத்து நாள். இதற்குத்தான் முன்னறிவிப்பு. பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட மலேசிய வானிலை ஆய்வுத் துறை, அதாவது மெட்மலேசியா, அடுத்த 7 நாள்களுக்கான முன்னறிவிப்பை வெளியிடுகிறது. 'மைசுவாச்சா' (myCuaca) என்ற அதன் செயலியிலும் பார்க்கலாம்.

ஏன் 30 நாள்களுக்குத் தருவதில்லை? 1961இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் தம் கணினியில் ஒரு வானிலைக் கணக்கை மீண்டும் ஓட்டினார். முதல் முறை 0.506127 என்றிருந்த எண்ணை, இரண்டாம் முறை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். தொடக்கத்தில் இரண்டு விடைகளும் ஒன்றாகவே சென்றன. சிறிது காலத்தில் அவை முற்றிலும் வேறு வேறு வானிலைகளாகப் பிரிந்துவிட்டன. தொடக்கத்தில் உள்ள மிகச் சிறிய வேறுபாடு நாளடைவில் பெரிதாகிவிடும் என்பதே அவர் கண்டது. நம் வெப்பமண்டலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே மழை தரும் இடிமேகம் சில கிலோமீட்டர் அகலமே இருக்கலாம். பண்டார் புத்திரிக்கும் கின்ராராவுக்கும் உள்ள தூரம்தான் அது!

ஆகவே முன்னறிவிப்பை ஒருமுறை பார்த்து விட்டுவிடக் கூடாது. ஏழு நாளுக்கு முன் பார்ப்பது திட்டத்துக்கு. மூன்று நாளுக்கு முன் பார்ப்பது மாற்றத்துக்கு. புறப்படும் காலையில் பார்ப்பது பாதுகாப்புக்கு. பலத்த காற்று, கடல் கொந்தளிப்புக்கான எச்சரிக்கையை மெட்மலேசியா தனியே வெளியிடும். மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகக் காற்றும் 3.5 மீட்டர் வரை அலையும் இருந்தாலே முதல் வகை எச்சரிக்கை வந்துவிடும். சிறு படகுக்கும் கடல் விளையாட்டுக்கும் அது ஆபத்து என்று பொருள். அப்போது படகுக்காரர் தயங்கினால் அவரை வற்புறுத்தாதீர்கள்.

மணியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மணலை விடத் தண்ணீரைச் சூடாக்க அதிக வெப்பம் தேவை. 1 கிலோகிராம் தண்ணீரின் வெப்பத்தை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தச் சுமார் 4,200 ஜூல் வேண்டும். உலர்ந்த மணலுக்குச் சுமார் 800 ஜூல் போதும். எனவே பகலில் நிலம் விரைவில் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று எழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. மதியத்துக்குப் பிறகு இந்த ஈரமான கடற்காற்று கரையிலிருந்து உள்ளே நகர்ந்து, பூச்சோங், கோலாலம்பூர் பக்கம் எழும் சூடான காற்றோடு சேர்கிறது. மூன்று மணிக்கு மேல் இடி இடிக்கிறது. பல நாள்களில் நம் பகுதியில் மழை கொட்டும்போது மோரிப் கடற்கரையில் வானம் தெளிந்திருப்பது இதனால்தான்.

இன்னொரு வகை மழை இதற்கு நேர்மாறானது. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் சில நாள்களில், இரவில் சுமத்ரா பக்கமும் நீரிணை மேலும் இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு கிழக்கே நகரும். விடியற்காலையிலோ காலையிலோ நம் மேற்குக் கரையைத் தாக்கும். இதன் பெயரே 'சுமத்ரா'. ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும்; ஆனால் கூடாரத்தைத் தூக்கி எறியும் அளவுக்குக் காற்று வீசும். போர்ட்டிக்சனில் காலை ஆறு மணிக்கு மேற்கு வானில் கருத்த மதில்போல மேகம் தெரிந்தால், அது கடக்கும் வரை கடலில் இறங்காதீர்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடி அதிகம் கேட்கும் பகுதிகளில் ஒன்று. கடற்கரையின் வெட்ட வெளியில் உயரமான பொருள் நீங்களாகவே இருக்கக்கூடும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்ட பிறகு 30 நிமிடம் வெளியே வர வேண்டாம். மரத்தடி பாதுகாப்பான இடம் அல்ல.

கணக்காக வருவது ஒன்று உண்டு

வானிலை ஏமாற்றலாம், கடலின் ஏற்றமும் வற்றமும் ஏமாற்றுவதில்லை. அவை நிலவு, சூரியன் ஆகியவற்றின் ஈர்ப்பால் நிகழ்பவை. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேறுபாடு அதிகம். கிள்ளான் துறைமுகத்தில் அந்நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 4 மீட்டரைத் தாண்டும். ஓதநேர அட்டவணையைப் பார்க்காமல் மோரிப் போனால் கடலுக்குப் பதில் நீண்ட சேற்று வெளிதான் உங்களை வரவேற்கும்.

கோல சிலாங்கூருக்கு அருகே கடலுக்குள் இருக்கும் சசாரான் மணல்திட்டு, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில், நீர் வற்றும் நேரத்தில் மட்டும் வெளியே தெரியும். வானத்தைக் கண்ணாடிபோலக் காட்டும் இடம் என்று பெயர் பெற்றது அது. அதே வட்டாரத்தில் கம்போங் குவாந்தான் மின்மினிப்பூச்சிகளைப் பார்க்க நிலவில்லாத இரவு நல்லது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க எந்தத் திதி பொருந்தும்? நீங்களே சொல்லுங்கள்.

சராசரி சொல்லாத செய்தி

காலநிலை என்பது வாய்ப்பு, உறுதிமொழி அல்ல. மூன்று நிகழ்வுகளைப் பாருங்கள்.

பூமத்தியரேகைக்கு மிக அருகில் புயல் உருவாவது அரிது. காற்றைச் சுழலவைக்கும் பூமிச் சுழற்சியின் விளைவு அங்கே மிகக் குறைவு. ஆயினும் 2001 டிசம்பர் 27 அன்று 'வாமெய்' என்ற புயல், வட அட்சம் ஏறத்தாழ 1.5 டிகிரியில் உருவாகித் தென்கிழக்கு ஜொகூரில் கரை கடந்தது.

2014 டிசம்பரில் கிழக்குக் கரையில், குறிப்பாகக் கிளந்தானில், வழக்கத்தை மீறிய வெள்ளம். நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர்.

2021 டிசம்பர் 18, ஒரு சனிக்கிழமை. தென்சீனக் கடலிலிருந்து வந்த தாழ்வழுத்தம் தீபகற்பத்தைக் கடந்தது. தித்திவங்சா மதில் அதைத் தடுக்கவில்லை. ஷா ஆலாம் ஶ்ரீ மூடா உள்ளிட்ட இடங்கள் மூழ்கின. அந்த வெள்ளத்தில் நாட்டில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பூச்சோங்கிலிருந்து ஶ்ரீ மூடா எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். 'நம் பக்கம் பாதுகாப்பு' என்ற சராசரியை மட்டும் நம்பி எச்சரிக்கையைப் புறக்கணிக்கக் கூடாது என்பதற்கு இது நம் வாசலிலேயே உள்ள பாடம்.

மழை குறைந்த மாதத்துக்கும் தனிச் சிக்கல் உண்டு. தென்மேற்குக் காற்று சுமத்ராவின் காட்டுத்தீப் புகையைச் சுமந்து வரலாம். 2005 ஆகஸ்ட் 11 அன்று கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் நம் மழை குறைந்து, இந்த ஆபத்து கூடுகிறது. எதிர்நிலையான லா நினா ஆண்டுகளில் மழை கூடலாம். மேலும், காற்றின் வெப்பம் 1 டிகிரி உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். பூமி சூடாகச் சூடாகப் பழைய சராசரிகளையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கற்பனைக் கணக்கு. 'அ' மாதத்தில் ஒரு நாள் மழை பெய்யும் வாய்ப்பு 0.2, 'ஆ' மாதத்தில் 0.6. மூன்று நாளும் மழையின்றி இருக்கும் வாய்ப்பு எவ்வளவு?

'அ' மாதம்: 0.8 × 0.8 × 0.8 = 0.512
'ஆ' மாதம்: 0.4 × 0.4 × 0.4 = 0.064

ஒரு நாளுக்குப் பார்த்தால் மழை வாய்ப்பு மூன்று மடங்குதான் வேறுபடுகிறது. மூன்று நாள் பயணத்துக்குப் பார்த்தால் வெயில் வாய்ப்பு எட்டு மடங்கு வேறுபடுகிறது! ஆனால் ஒரு கவனம்: ஒரு நாள் மழைக்கும் மறுநாள் மழைக்கும் தொடர்பில்லை என்று கொண்டு இப்படிப் பெருக்கினோம். வடகிழக்குப் பருவத்தில் மழை தொடங்கினால் நாள் கணக்கில் நீடிக்கும். அங்கே இந்தப் பெருக்கல் சரிவராது.

'அ' மாதத்திலும் மழை வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட பாதி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நல்ல மாதத்தில் போய் நனைந்து வந்தால் உங்கள் தேர்வு தவறு என்று ஆகிவிடாது. மோசமான மாதத்தில் போய் வெயில் கிடைத்தால் அது திறமையும் அல்ல.

கையில் வைத்துக்கொள்ள ஒரு நாட்காட்டி

• ஜனவரி, பிப்ரவரி: லங்காவி, பினாங்கு ஏற்றவை. கிழக்குக் கரைத் தீவுகளைத் தவிர்க்கவும்.
• மார்ச்: கிழக்கே கடல் அடங்கத் தொடங்கும், தீவுப் பயணத்துக்கு முன் எச்சரிக்கையைப் பார்க்கவும்.
• ஏப்ரல், மே: ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் நல்லவை. மேற்குக் கரைக்குக் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பலாம்.
• ஜூன், ஜூலை: கிழக்குக் கரைக்கு மிக நல்ல காலம். போர்ட்டிக்சன், மோரிப்பிலும் மழை குறைவு. அதிகாலைச் 'சுமத்ரா' மழையில் கவனம்.
• ஆகஸ்ட், செப்டம்பர்: கிழக்குக் கரை இன்னும் ஏற்றது. லங்காவியில் மழை கூடும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்க்கவும்.
• அக்டோபர்: இரு கரையிலும் நிலையற்ற காலம். திரும்பப் பெறக்கூடிய முன்பதிவு மட்டும் செய்யவும்.
• நவம்பர், டிசம்பர்: கிழக்குக் கரை வேண்டாம். டிசம்பர் பிற்பாதியில் லங்காவி வறளத் தொடங்கும்.

செய்து பாருங்கள்

1. நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் புட்டியின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகப் பொருத்தினால் மழைமானி தயார். திறந்த இடத்தில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை அளந்து குறியுங்கள்.

2. மழை தொடங்கிய மணியையும் எழுதுங்கள். ஒரு மாதம் முடிந்ததும், பிற்பகல் மழை எத்தனை நாள், காலை மழை எத்தனை நாள் என்று பட்டைக் குறிவரைவு வரையுங்கள்.

3. மெட்மலேசியாவின் முன்னறிவிப்பை ஏழு நாள் முன்பும் ஒரு நாள் முன்பும் குறித்து, உங்கள் மழைமானியோடு ஒப்பிடுங்கள். எது அதிக முறை பொருந்துகிறது? வேறு குடியிருப்பில் வசிக்கும் வகுப்புத் தோழரையும் இதே போல அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மழைமானிகளும் எத்தனை நாள் ஒத்துப்போயின என்று எண்ணிப் பார்த்து, காரணத்தை உங்கள் அறிவியல் ஆசிரியரோடு விவாதியுங்கள்.